ஆளுநர்: ஆள்பவரோ, காப்பவரோ?

(திருவண்ணாமலை, ரமணாசிரமத்துப் பகுதியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)

    

இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வரும் எளியேனை, இன்று மாநில ஆளுநர் பதவியின் வரலாறு பற்றிப் பேசுமாறு நம் சங்கக் காரியதரிசியவர்கள் பணித்தனர். மேடையேறுவோருள் ஒரு சாரார் இப்பதவியை வைதும், ஒரு சாரார் வாழ்த்தியும் பேசக் காண்கிறோம். யான் அவ்விரண்டும் செய்ய வந்தேனல்லேன். நம் சங்கத்தில் எல்லாக் கட்சியினரும் உளர். ஆதலின், இப்பதவி எங்கிருந்து வந்தது, யாது செய்ய ஏற்பட்டது, எவ்விடத்தில் அதற்கு வரம்பு என்னும் மூன்றனை மட்டும் கூறி அமைவேன்.

இப்பொருள் நமக்குப் புறம்பானது என்று எவரும் எண்ணற்க. நாம் வெயிலில் வரிசையாய் நின்று வாக்களித்துச் சட்டசபைக்கு ஆள் அனுப்புகிறோம். அச்சபை கூடி மசோதா நிறைவேற்றுகிறது. அது சட்டமாவதற்கு ஒரு கையெழுத்து வேண்டியிருக்கிறது. அக்கையெழுத்துக்கு உரியவரை நாம் தேர்ந்தெடுத்திலேம். அங்ஙனமாயின் நம் வாக்குக்கும் அக்கையெழுத்துக்கும் உள்ள தொடர்பு யாது? இவ்வினாவுக்கு விடை அறியாதவன் குடியரசில் வாழ்ந்தும் தன் உரிமை அறியாதவனே ஆவான்.

முதற்கண் சொல்லை ஆராய்வோம். ஆள் என்னும் பகுதியும், உகரச் சாரியையும், நர் என்னும் விகுதியும் சேர்ந்து ஆளுநர் என்றாயிற்று. ஆள்பவர் என்பது பொருள். ஆனால் எந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக இதனை வழங்குகிறோமோ, அந்தக் கவர்னர் என்னும் சொல்லின் வேர் கிரேக்க மொழியில் மரக்கலம் செலுத்தும் மீகாமனைக் குறிப்பது. இவ்விரு பொருளுக்கும் இடையே பெருவேற்றுமை உண்டு. மரக்கலம் மீகாமனுடையதன்று. அது சேரவேண்டிய துறையை வகுப்பவனும் அவனல்லன். கலம் பாறையில் மோதாமற் காப்பதே அவன் கடன். ஆளுநர் பதவியின் வரலாறு முழுவதும், ஆள்பவர் என்னும் பொருளுக்கும் காப்பவர் என்னும் பொருளுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டமேயாகும்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே இறைமாட்சி என்றும், அமைச்சு என்றும், தூது என்றும் அதிகாரங்கள் வகுத்தார். அரசனால் வேறொரு நாட்டுப் பகுதிக்கு அனுப்பப்பட்டு அங்கே இருந்து ஆள்பவனுக்கு அவர் தனி அதிகாரம் வகுத்திலர். அவ்வதிகாரத்தைப் பிற்காலத்தார் தாமே எடுத்துக் கொண்டனர் போலும்!

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இங்கிருந்து கிழக்கே நோக்கினால் விண்ணளாவி நிற்கும் நம் இராசகோபுரமே சான்று. விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்ற அக்கோபுரம், தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவெய்தியது. தஞ்சை, செஞ்சி, மதுரை ஆகிய இடங்களில் இருந்த நாயக்கர்கள் தொடக்கத்தில் பேரரசின் பேராளர்களே. 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பேரரசு தளர, அவர்கள் படிப்படியாகத் தாமே அரசராயினர். அவர்கள் செய்த அறங்கள் பல. அவற்றை நாம் மறத்தல் கூடாது. எனினும் ஒன்று விளங்குகிறது. மேலிடம் தளர்ந்தால், அனுப்பப்பட்டவரே அரசராவர்; மேலிடம் வலுத்திருந்தால், அவர் அதன் கைக்கருவியாவர். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதே அப்பதவிக்கு உரிய அருமை.

இனிக் கும்பினியார் காலத்தைக் காண்போம். 1639-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்பவர் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றார். அங்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழுந்தது. அக்கோட்டைக்குத் தலைவராய் இருந்தவர் முதலில் ஏஜெண்டு எனப்பட்டார். பின்னர்ப் பிரெசிடெண்டு எனவும், கவர்னர் எனவும் பெயர் பெற்றார். பெயர் வளர்ந்ததேயன்றித் தொழில் வணிகமே. துணியும் வெள்ளியும் எண்ணும் கணக்கப்பிள்ளைகளின் தலைவரே நம் முதற் கவர்னர்கள் என்பதை நினைவிற் கொள்க. அவர்கள் கணக்குக் கொடுத்தது இலண்டனில் இருந்த பங்காளிகளுக்கு, இந்நாட்டுக் குடிகளுக்கன்று.

அக்காலத்தே நிகழ்ந்த விந்தையொன்று கூறுவேன். பிகட் பிரபு இருமுறை சென்னைக் கவர்னராய் இருந்தவர். இரண்டாம் முறை, 1776-ஆம் ஆண்டில், ஆர்க்காட்டு நவாபின் வசமிருந்த தஞ்சை நாட்டை அதன் மராட்டிய மன்னர்க்கே அவர் மீட்டளித்தார். நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கும்பினி உத்தியோகஸ்தர் பலர். தஞ்சை வருவாய் கைவிட்டுப் போனால் தம் கடன் திரும்பாதே என்று அவர்கள் அஞ்சினர். கவர்னரின் ஆலோசனைச் சபையிலேயே பெரும்பாலோர் அவருக்கு எதிராக ஒன்று கூடி, ஆகஸ்டுத் திங்களில் அவரைச் சிறைப்படுத்தினர். காவலில் இருந்தபடியே அவர் 1777-இல் உயிர் நீத்தார். ஒரு மாகாணத்தின் தலைவரை அவருடைய சபையினரே சிறைவைத்த இச்செயலால் அறிவது யாது? அதிகாரம் எவருடையது என்று வரையறுக்கும் சட்டம் தெளிவாக இல்லாவிடத்தில், பணம் உடையவரே அதிகாரமும் உடையவராவர்.

நல்லவரும் இருந்தனர். 1820 முதல் 1827 வரை கவர்னராய் இருந்த சர் தாமஸ் மன்றோ, இளமையில் நம் செங்கத்துக் கணவாய்க்கு அப்பால் உள்ள பாராமகால் சீமையில் நிலவரி வேலை பார்த்தவர். ஊர் ஊராய்ச் சென்று உழவரொடு பேசி நிலத்தின் இயல்பை அறிந்தவர். இடையே மிராசுதாரோ சமீன்தாரோ இன்றி உழவனே நேரே சர்க்காருக்கு வரி செலுத்தும் இரயத்துவாரி முறையை இந்நாட்டில் நிலைநாட்டியவர்களுள் அவர் தலையாயவர். பதவி முடியும் தறுவாயிலும் மாவட்டங்களைப் பார்வையிடப் புறப்பட்டுப் பத்திகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதி கண்டு மாண்டார். அவர் நெஞ்சம் குடிகளிடத்து இருந்தது உண்மை. ஆயினும் அவர் தீயவராய் இருந்திருந்தால் அவரை நீக்கக் குடிகளுக்கு வழி யாது? ஒன்றுமில்லை. ஒருவரது நற்குணத்தையே நம்பி நிற்கும் ஆட்சி, மழையையே நம்பி நிற்கும் புன்செய் போல்வதாம்.

அவ்வழியை ஆக்கிக் கொள்ள நம்மவர் நூறாண்டு உழைத்தனர். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்வி, சுகாதாரம் முதலிய சில துறைகள் மந்திரிகளிடம் வந்தன. நிதியும் காவலும் கவர்னர் கையிலேயே நின்றன. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எல்லாத் துறைகளும் மந்திரிகளிடம் வந்தன. எனினும் கவர்னருக்குத் தனிப் பொறுப்புக்கள் என்று சில வைக்கப்பட்டன. 1937-இல் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159 இடங்களைக் காங்கிரசு பெற்றது. ஆயினும், அன்றாட ஆட்சியில் கவர்னர் தலையிடார் என்னும் உறுதி வேண்டும் என்று அக்கட்சி பதவியேற்க மறுத்து நின்றது. அதுகாறும் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால மந்திரிசபை ஒன்று நடந்தது. வைசிராய் தந்த விளக்கத்தின் பின்னரே, ஜூலை 14-ஆம் நாள் இராஜாஜி பிரதம மந்திரியானார். கிடைத்த பதவியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வரம்பை முன்னரே தெளிவு செய்துகொள்ள மூன்று திங்கள் காத்திருந்தது சிறிய செயலன்று.

1939-ஆம் ஆண்டு அக்டோபரில் அம்மந்திரிசபை விலகியது. அன்று முதல் 1946 ஏப்ரல் வரை, அச்சட்டத்தின் 93-ஆம் பிரிவின்படி கவர்னரே ஆலோசகர்களைக் கொண்டு ஆண்டார். ஆறாண்டுக்கு மேல் மக்கள் சபைக்கு வாயில்லை. இப்பிரிவின் பேரனே நம் அரசியலமைப்பின் 356-ஆம் பிரிவு என்று அறிஞர் கூறுவர்.

பின்னர் விடுதலை வந்தது. இவ்விடத்தில், நாம் கூடியிருக்கும் இந்த ஆசிரமப் பகுதியோடு தொடர்புடைய பெரியார் ஒருவரை நினைவு கூர்தல் தகும். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் உழவர் குடியிற் பிறந்த இராமசாமி ரெட்டியாரவர்கள், பகவான் ரமண மகரிஷிகளிடத்துப் பேரன்பு பூண்டவர். 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாய் இருந்தவர் அவர். ஆலயப் பிரவேசச் சட்டமும், தேவதாசி ஒழிப்புச் சட்டமும், சமீன் ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தவை. அவர் பதவியேற்றபொழுது கவர்னராய் இருந்தவர் சர் ஆர்ச்சிபால்டு நை என்னும் ஆங்கிலேயர். 1947 ஆகஸ்டு 15-க்குப் பின்னும் 1948 வரை அவரே கவர்னர். மனிதர் மாறவில்லை, மாளிகை மாறவில்லை. ஆனால் தம் விருப்பப்படி மந்திரிகளை மறுக்கும் தனிப் பொறுப்பு அன்றே அகன்றது. முதல் நாள் ஆள்பவராய் உறங்கியவர், மறுநாள் காப்பவராய் விழித்தார் எனலாம்.

அவர்க்குப்பின் வந்தவர் பாவநகர் மகாராசா கிருஷ்ணகுமாரசிங்ஜி. அவர் அதே 1948-ஆம் ஆண்டில் தம் நாட்டு ஆட்சியை மக்களிடம் ஒப்புவித்தவர். ஆட்சியைத் துறந்த மன்னர் ஒருவர், ஆட்சி செய்யாத தலைமைப் பதவிக்கு வந்தது எத்துணைப் பொருத்தம்! சென்னைத் திருவல்லிக்கேணியில் ஆங்கிலக் கவர்னர்கள் வாழ்ந்த மாளிகைத் தோட்டம் பின்னர் ஓமந்தூரார் பெயர் பெற்றது. இன்று அங்கே அரசினர் மருத்துவமனை இருக்கிறது. பிணியாளரோடு சென்னைக்குச் செல்லும் நம்மவர் பலரும் அவ்விடம் அறிவர். அது யாருடைய தோட்டமாய் இருந்து யாருடைய தோட்டமாயிற்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அரசியல் நிர்ணய சபையில், ஆளுநரை மக்களே தேர்ந்தெடுப்பதா, குடியரசுத் தலைவர் நியமிப்பதா என்று நீண்ட வாதம் நிகழ்ந்தது. 1947-இல் தேர்தலே வேண்டும் என்று எண்ணியவர்கள், 1949 மே மாதத்தில் நியமனமே தகும் என்று முடிவு செய்தனர். காரணம் யாது? மக்கள் வாக்குப் பெற்ற முதன்மந்திரியும், மக்கள் வாக்குப் பெற்ற ஆளுநரும் ஓருறையில் இரு வாள் போல்வர். ஆளுநர் ஆளப் போவதில்லை. ஆதலின் அவர்க்குத் தேர்தல் வேண்டா என்பதே அவர்கள் கருத்து. ஆளுநருக்குத் தாமே செய்யும் அதிகாரங்கள் இல்லை, கடமைகளே உள என்று டாக்டர் அம்பேத்கர் அச்சபையில் விளக்கினார். இதனைக் கூர்ந்து நோக்குக. தேர்தலின்றி ஒருவரை அமர்த்த ஒப்பியதே, அவர் ஆளமாட்டார் என்னும் நம்பிக்கையின் மீதுதான். ஆளுநர் ஆளத் தொடங்குவாராயின், அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்கள் கேட்பது நியாயமாகிவிடும்.

இனி, அரசியலமைப்பு அவர்க்கு வகுத்த கடன்களைச் சுருங்கக் கூறுவேன். 153-ஆம் பிரிவு மாநிலந்தோறும் ஆளுநர் உண்டு என்கிறது. 35 வயது நிரம்பிய இந்தியக் குடிமகன் எவரும் அப்பதவிக்கு உரியர். ஐந்தாண்டு என்பது வரையறை. எனினும் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரையே இருக்கலாம். 163-ஆம் பிரிவின்படி மந்திரிசபையின் ஆலோசனை வழியே நடத்தல் வேண்டும்; அரசியலமைப்பே விலக்கிக் கூறிய சில இடங்களில் மட்டும் தாமே முடிவு செய்யலாம். 159-ஆம் பிரிவில் உள்ள உறுதிமொழி மிகவும் சிறந்தது. மந்திரிகள் அரசியலமைப்புக்கு உண்மையாய் இருப்போம் என்கின்றனர். ஆளுநரோ அதனைக் காப்பேன் என்றும், அம்மாநிலத்து மக்களின் தொண்டுக்கும் நலத்துக்கும் தம்மை ஒப்படைப்பேன் என்றும் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி முன்னிலையில் உறுதி கூறுகிறார். நியமனம் தில்லியிலிருந்து வருகிறது. உறுதிமொழி நமக்குத் தரப்படுகிறது. தலைப்பிற் கேட்ட வினாவுக்கு அவ்வுறுதிமொழியே விடை.

நூலில் உள்ளவாறே நடப்பிலும் உளதோ எனின், நம் மாநில வரலாற்றில் மூன்று நிகழ்ச்சிகளைக் காட்டுவேன்.

ஒன்று: 1952-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. பிரகாசம் தலைமையில் கூடிய எதிரணியினர் தமக்கே பெரும்பான்மை என்றனர். ஆளுநர் ஸ்ரீ பிரகாசா, தேர்தலில் நில்லாத இராஜாஜியை மேற்சபைக்கு நியமித்து மந்திரிசபை அமைக்க அழைத்தார். தனிப்பெருங் கட்சியை அழைத்தல் முறையே என்பாரும், மக்கள் தீர்ப்பு வளைக்கப்பட்டது என்பாரும் இன்றும் உளர். பெரும்பான்மை ஐயத்துக்கிடமானால் ஆளுநரின் மனச்சான்று எவ்வளவு பெரிய கருவியாகிறது என்பதற்கு இது சான்று.

இரண்டு: 1991 ஜனவரி 30-ஆம் நாள் கருணாநிதி தலைமையில் இருந்த மந்திரிசபை 356-ஆம் பிரிவின்படி நீக்கப்பட்டது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அதற்கு வேண்டிய அறிக்கை அனுப்ப உடன்பட்டிலர். ஆளுநரின் அறிக்கையால் மட்டுமன்றி வேறு வகையாலும் என்று அப்பிரிவில் உள்ள சொல்லைக் கொண்டே நீக்கம் நிகழ்ந்தது. பீகாருக்கு மாற்றப்பட்ட பர்னாலா அதனை ஏலாது பதவி துறந்தார். ஒரு சொல் ஒரு மந்திரிசபையைக் கவிழ்க்கும் என்று மாணவர் அறிக. 2004-இல் அவரே மீண்டும் நம் ஆளுநராய் வந்து 2011 வரை இருந்தார். அன்று அவர் இழந்தது பதவி, காத்தது உறுதிமொழி. 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், மந்திரிசபையின் வலிமையை அளக்குமிடம் சட்டசபையேயன்றி ஆளுநர் மாளிகையன்று என்று தெளிவு செய்தனர்.

மூன்று: இஃது அண்மையது, நம் இல்லங்களையும் தொட்டது. நம்மூர் அரசு கலைக் கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் பெறும் பட்டம் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பட்டம். 2002-இல் அதனை நிறுவியபொழுது வேந்தர் பதவி ஆளுநர்க்கே அளிக்கப்பட்டது. பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தரை அமர்த்தும் உரிமை யாருடையது என்பது முதலாய பொருள்கள் பற்றி நம் சட்டசபை நிறைவேற்றிய 10 மசோதாக்கள் நெடுநாள் ஒப்புதலின்றி நின்றன. 2023 நவம்பரில் ஆளுநர் ஆர். என். ரவி அவற்றுக்கு ஒப்புதல் மறுத்துத் திருப்பினார். சபை மீண்டும் நிறைவேற்றியது. அவர் அவற்றைக் குடியரசுத் தலைவர்க்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், அவ்வாறு அனுப்பியது சட்டத்துக்கு ஒவ்வாது என்றும், அவை ஒப்புதல் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்றும் தீர்ப்பளித்துக் கால வரையறையும் கூறினர். பின்னர்க் குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்க, அவ்வாண்டு நவம்பர் 20-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கருத்துரைத்தனர். நீதிமன்றம் காலக்கெடு விதித்தலும், ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளுதலும் ஆகா என்பது அவர்கள் முடிவு. ஆயினும் ஆளுநர் காரணமின்றி மசோதாவை வரம்பில்லாமல் நிறுத்திவைத்தல் தகாது என்றும், அங்ஙனம் நீளின் முடிவு செய்யுமாறு நீதிமன்றம் பணிக்கலாம் என்றும் அவர்களே கூறினர்.

இவ்வழக்கில் எப்பக்கம் நியாயம் என்று உரைப்பது என் வேலையன்று. துணைவேந்தரின்றிச் சில பல்கலைக்கழகங்கள் நெடுநாள் நடந்தன என்பது மட்டும் எல்லாக் கட்சியினர்க்கும் ஒத்த உண்மை. இரு யானைகள் முட்டிக்கொள்ளுங்கால் மிதிபடுவது காற்கீழ்ப் புல்லே. அப்புல் நம் பிள்ளைகளின் கல்வி. 200-ஆம் பிரிவில், மசோதாவைத் திருப்புவதாயின் இயன்ற விரைவில் திருப்புக என்று எழுதியிருக்கிறது. இயன்ற விரைவு என்பதற்கு அகராதியில் ஆண்டுக் கணக்கு இல்லை.

நம் சங்கத்தையே உவமையாகக் கொள்வோம். நமக்குப் போஷகர் ஒருவர் உளர்; நாம் வாக்களித்து அமைத்த நிர்வாக சபையும் உளது. சபையார் தவறான தீர்மானம் செய்தால், "ஒருமுறை எண்ணிப் பாருங்கள்" என்று போஷகர் சொல்லலாம், சொல்லுதலும் வேண்டும். அவர் சொல்லுக்கு மதிப்பும் உண்டு. ஆனால் மீண்டும் எண்ணிச் சபை அதனையே முடிவு செய்தால், தீர்மானப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கொள்ளும் உரிமை அவர்க்கு இல்லை. அதேபோல் போஷகர் கேட்கும் கணக்கைக் காட்டாது மறைக்கும் உரிமை நிர்வாக சபைக்கும் இல்லை. காப்பவரை மதியாத சபையும் கெடும். ஆள விரும்பும் காவலரும் கெடுவர்.

இறுதியாக, நம்மவர்க்கு மூன்று வேண்டுகோள். நம் சங்க நூல் நிலையத்தில் அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பு ஒன்று வாங்கி வைத்தல் வேண்டும். 153 முதல் 167 வரையுள்ள பிரிவுகளையும் 200-ஆம் பிரிவையும் இளைஞர்கள் படித்தல் வேண்டும். குறை தீர மனுப் போடுவோர், பட்டாவும் பாதையும் குடிநீரும் தாலுக்கா அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் மந்திரிகளிடத்திலும் தீர்வன என்றும், ஆளுநர் மாளிகை அவற்றுக்கு இடமன்று என்றும் அறிதல் வேண்டும். ஆளுநரைப் பற்றிப் பேசுங்கால், அவர் நம் கட்சிக்கு உதவினாரா என்று கேளாது, தம் உறுதிமொழியைக் காத்தாரா என்று கேட்கப் பழகுதல் வேண்டும். இன்று நம் கட்சிக்கு இனிக்கும் வரம்பு மீறல், நாளை நம் கட்சிக்கே கசக்கும்.

ஆள்பவர் மாறுவர், அவர்களை மாற்றும் கோல் நம் விரலில் இடும் மையில் இருக்கிறது. அக்கோலைக் காக்க ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். அவர் தம் கடன் அறிந்து நிற்க. நாம் நம் உரிமை அறிந்து நிற்போம்.  நம் சங்கம் வாழ்க! தமிழகம் வாழ்க! குடியரசு தழைக்க!